மேலாளர் பெயர் ஹத்தாத், ஆனால் அவர் கிறிஸ்தவர்!

கேள்வி: எங்கள் வீட்டில் வியாழன் இரவுதோறும் ஹத்தாத் ராத்திப் (நபி வழி வந்த இமாம் ஹத்தாத் தொகுத்த துதிகளும் பிரார்த்தனைகளும்) ஓதுவது என் மாமியார் காலத்திலிருந்து வழக்கம். என் மகன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். அங்கே புதிதாக வந்திருக்கும் மேலாளர் லெபனான்காரர், பெயர் ஹத்தாத். "நீங்கள் நபி குடும்பத்து வழியா?" என்று மகன் மரியாதையாகக் கேட்டிருக்கிறான். அவர் சிரித்துவிட்டு, "நாங்கள் கிறிஸ்தவர்கள்" என்றாராம். பையனுக்கு ஒரே வெட்கம். கிறிஸ்தவருக்கு எப்படி இந்தப் பெயர் வந்தது? என் மகள் போனில் தேடிப் பார்த்து, ஹதாத் என்பது பழைய காலத்து இடி மின்னல் சாமி என்கிறாள். அதிலிருந்து மனசே சரியில்லை. இன்னொன்று: பிறக்கப்போகும் பேரனுக்கு ஹத்தாத் என்று பெயர் வைக்க ஆசைப்பட்டேன். வைக்கலாமா?
(வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: சகோதரி, அரபு படித்த ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) தெருவுக்குத் தெரு இருக்கும் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு நான் அரபுப் பெயர் விளக்கம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இந்தப் பழமொழி சும்மா வாயில் வந்ததில்லை. ஹத்தாத் என்றாலே கொல்லன் என்றுதான் பொருள்.

அரபியில் இரும்புக்கு ஹதீத். குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்துக்கே அதுதான் பெயர். இரும்பில் வேலை செய்கிறவர் ஹத்தாத். நடு எழுத்தை அழுத்தி இரட்டித்து, அடுத்த உயிரை நீட்டினால், அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர் என்ற அர்த்தம் வந்துவிடும். நஜ்ஜார் தச்சர், கஸ்ஸாப் கறி வெட்டுகிறவர், கப்பாஸ் ரொட்டி சுடுகிறவர். நீங்கள் கேள்விப்பட்ட பெரிய பெயர்களும் இந்த அச்சில் வார்த்தவைதான். மன்சூர் ஹல்லாஜ் என்கிறோமே, ஹல்லாஜ் என்றால் பஞ்சு கொட்டுகிறவர். பாரசீகக் கவிஞர் அத்தார், வாசனைப் பொருள் விற்கிறவர். உமர் கய்யாம் பெயரில் இருப்பது கூடாரம் தைக்கிற தொழில். அவரோ கணக்கிலும் வானியலிலும் புலி. ஊசி பிடித்துக் கூடாரம் தைத்ததாக யாரும் எழுதிவைக்கவில்லை. பெயரில் ஒரு தொழில் இருந்தால் ஆளும் அதையே செய்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

முதலில் உங்கள் மனசைப் போட்டுக் குடையும் அந்தச் சாமி விஷயத்தை முடித்துவிடுவோம். மகள் படித்தது பொய்யில்லை, ஆனால் அது வேறு சொல். பழைய சிரியாவில் ஹதத் என்று இடிக்கும் மழைக்கும் ஒரு தெய்வம் இருந்தது. அலெப்போ கோட்டை மேட்டில் அதற்குக் கோயிலே தோண்டியெடுத்திருக்கிறார்கள். தமிழ் பைபிளில் சீரியா ராஜா பெனாதாத் வருகிறாரே, அவர் பெயரின் பின்பாதியில் இருப்பதும் அந்தத் தெய்வம்தான். அரபியில் இரண்டு ஹ உண்டு என்பது ஓதத் தெரிந்த உங்களுக்குத் தெரியும். கொல்லனுக்கு வருவது தொண்டைக்குள்ளிருந்து எடுக்கிற ஹ. அந்தத் தெய்வத்துக்கு வருவது மூச்சுவிடுகிற மாதிரி லேசான ஹ. கொல்லனில் நடு எழுத்து இரட்டிக்கும், தெய்வத்தில் இரட்டிக்காது. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே ஹெச், பல பேர் ஒரு 'டி'யையும் விட்டுவிடுகிறார்கள். போன் என்ன செய்யும் பாவம், இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டிவிட்டது. நம் எழுத்தும் ஒன்றும் யோக்கியமில்லை, நமக்கும் ஒரே ஒரு ஹ தான். ராத்திபை நிம்மதியாக ஓதுங்கள்.

சரி, கிறிஸ்தவருக்கு எப்படி வந்தது? அரபி என்பது மொழி. அதைப் பேசுகிற எல்லோருக்கும் அதில்தான் பெயர் இருக்கும். லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்தான் பக்கம் ஹத்தாத் என்ற குடும்பப் பெயரைக் கேட்டதும், ஆள் கிறிஸ்தவராக இருக்கலாம் என்றுதான் அந்த ஊர்க்காரர்களுக்கு முதலில் தோன்றும். அங்கே அது அவ்வளவு சகஜம். முஸ்லிம் ஹத்தாத்களும் அங்கே உண்டு. துனிசியாவில் யூத ஹத்தாத்களும் உண்டு.

பாலைவனத்து பதூயின் கூட்டத்தார் ஒட்டகமும் வாளும் வைத்துக்கொள்வார்களே தவிர, வாளை அடிப்பதைத் தங்களுக்குக் கீழான வேலையாக நினைத்தார்கள். பட்டறைக்காரரோடு கொள்வினை கொடுப்பினையும் கிடையாது. ஆனால் லாடம், கலப்பை, கத்தி இல்லாமல் யாருக்கும் பொழுது விடியாதே. அதனால் அந்த வேலை வேறு குடிகளின் கையில் இருந்தது. ஜோர்தான் பக்கம் சில இடங்களில் அந்தக் குடிகள் கிறிஸ்தவர்கள்.

ரமல்லா நகரத்தின் கதையே இதற்குச் சாட்சி. அந்த ஊர்ப் பழங்குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது இது. 16ஆம் நூற்றாண்டில், இன்றைய ஜோர்தானின் கரக் பக்கம் ஹத்தாதீன் என்றொரு கிறிஸ்தவக் கூட்டம் இருந்தது. ஹத்தாதீன் என்றால் கொல்லர்கள், பன்மை. அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தபோது, விருந்துக்கு வந்திருந்த முஸ்லிம் தலைவர் ஒருவர், "இவள் என் மகனுக்கு" என்றாராம். வீட்டுக்காரர் உபசார வார்த்தையாக நினைத்து, "உங்கள் பிள்ளைதானே" என்று தலையாட்டிவிட்டார். பெண் வளர்ந்ததும் அவர் நிஜமாகவே பெண் கேட்டு வந்து நின்றார். கொடுக்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. ராஷித் ஹத்தாதீன் என்பவர் தலைமையில் குடும்பமே ஜோர்தான் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது. போன இடத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு குன்று. உலைக்குக் கரி வேண்டுமே! அதைப் பார்த்தே ராஷித் அங்கே தங்கினார் என்கிறார்கள். அந்தக் குன்றுதான் ரமல்லா. சொன்ன வார்த்தையால் ஊரைவிட்டு ஓடிய கதை நம் பக்கத்திலும் எத்தனையோ. எனக்குப் பிடித்தது அந்தக் கரி விஷயம்தான். ஊர் அமைந்ததற்கு இதைவிட நம்பும்படியான காரணத்தை நான் படித்ததில்லை.

ஆனால் உலகத்தில் உள்ள ஹத்தாத்கள் எல்லாம் இந்த ராஷிதின் வம்சம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்கு ஒரு பட்டறை, பட்டறைக்கு ஒரு ஹத்தாத். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இருக்காது. அந்தக் காலத்து அரபு நாடுகளில் பெரும்பாலானவர்களுக்கு நிலையான குடும்பப் பெயரும் கிடையாது. தன் பெயர், வாப்பா பெயர், பாட்டனார் பெயர், அடையாளத்துக்கு ஒரு பட்டப்பெயர், அவ்வளவுதான். உங்கள் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு பட்டப்பெயர் இருக்கிறதே, அதே கணக்கு. அப்புறம் சர்க்கார் பதிவேடு வந்து அதைக் கல்லில் பொறித்த மாதிரி ஆக்கியது. அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்கள் 1882இல் சட்டமே போட்டு ஆளுக்கொரு குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினார்கள். அந்த நேரத்தில் பட்டறை வைத்திருந்தவருடைய பிள்ளைகள் டாக்டரானாலும் வக்கீலானாலும் ஹத்தாத்தான். ஆங்கிலேயருக்கு ஸ்மித், ஜெர்மானியருக்கு ஷ்மிட், ரஷ்யருக்கு குஸ்னெத்சோவ், எல்லாம் இந்தக் கதையே. கார் கம்பெனிக்குப் பெயர் தந்த ஃபெராரிகூட இத்தாலியக் கொல்லர் பெயர்தான்.

வட ஆப்பிரிக்காவில் இந்தப் பெயர் முஸ்லிம்களிடையே நிறைய. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து 1871இல் அல்ஜீரியாவில் எழுந்த கிளர்ச்சியில் ஜிஹாது அறிவித்த முதிய ஷெய்கு ஓர் அல்ஹத்தாத். துனிசியாவில் பெண்களுக்குப் படிப்பும் உரிமையும் வேண்டும் என்று 1930இல் புத்தகம் எழுதி ஊர் வாயில் விழுந்த தாஹிர் அல்ஹத்தாத் இன்னொருவர். 1935இல், 36 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். மறுபக்கம் பாருங்கள், 1906 முதல் 1928 வரை டமாஸ்கஸில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் தலைமை குருவாக இருந்த நான்காம் கிரிகோரியோஸும் ஹத்தாத் குடும்பத்துக்காரர். முதல் உலகப்போர் காலத்துப் பஞ்சத்தில் இந்த மதம் அந்த மதம் என்று பார்க்காமல் ரொட்டி கொடுத்தவர் என்று பெயர் எடுத்தவர்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லெபனான் மலைகளிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். கூடவே பெயரும் அமெரிக்கா, அர்ஜென்டினா, பிரேசில் என்று போயிற்று. 2018இல் பிரேசில் ஜனாதிபதி தேர்தலின் இறுதிச் சுற்றில் 4.7 கோடி வாக்கு வாங்கித் தோற்றவர் ஃபெர்னாண்டோ ஹத்தாத். 2023இல் நிதியமைச்சரானார். லெபனானிலிருந்து போய்த் துணி வியாபாரம் செய்தவரின் மகன். உங்கள் மகன் அவரைப் பார்த்திருந்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பான்!

இப்போது நீங்கள் ராத்திபில் சொல்கிற ஹத்தாதுக்கு வருவோம். இமாம் அப்துல்லாஹ் இப்னு அலவி அல்ஹத்தாத், யெமனின் ஹத்ரமவுத்தில் தரீம் ஊரை ஒட்டி 1634இல் பிறந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே அம்மை போட்டுக் கண்பார்வை போய்விட்டது. பார்வையில்லாமலேயே படித்து, சொல்லிச் சொல்லி எழுதவைத்து, 1720இல் காலமாகும்வரை கற்றுக்கொடுத்தார். நீங்கள் ஓதும் ராத்திபை ஒரு மாணவர் கேட்டுக்கொண்டதற்காக ஹிஜ்ரி 1071 ரமலானில், அதாவது 1661இல், தொகுத்துக் கொடுத்தார். ஹத்ரமவுத்துக்காரர்கள் பாய்மரக் கப்பலில் வியாபாரத்துக்கும் மார்க்கத்துக்கும் போன துறைகளுக்கெல்லாம் ராத்திபும் போயிற்று. மலபார், இலங்கை, மலாயா, ஜாவா என்று இந்துமகா சமுத்திரக் கரை நெடுக அது கேட்கிறது. மலாயாவின் ஜோகூரில் முஃப்தியாக (மார்க்கத் தீர்ப்பு சொல்லும் அறிஞராக) இருந்த செய்யித் அலவி பின் தாஹிர் அல்ஹத்தாத் இதே குடும்பத்துக்காரர்தான்.

இவர்கள் நபி வழி வந்த பா அலவி செய்யிதுகள். அதில் உங்கள் மகன் சொன்னது சரி. பிறகு செய்யிது வீட்டுக்குக் கொல்லன் பெயர் எப்படி? குடும்பத்தில் சொல்வது இது. இமாமுக்குப் பல தலைமுறைக்கு முன் அஹ்மத் என்று ஒரு பாட்டனார் இருந்தார். தரீமில் ஒரு கொல்லுப் பட்டறையில் போய் உட்கார்ந்திருப்பது அவர் வழக்கம். அதே பெயரில் இன்னொரு அஹ்மத் இருந்ததால், "எந்த அஹ்மத்?" "பட்டறை அஹ்மத்" என்று ஆகிவிட்டது. அவர் சுத்தியலைத் தொட்டதேயில்லை. உள்ளத்தைப் பழுக்கக் காய்ச்சி அடித்து நிமிர்த்துகிற கொல்லர் என்று பிறகு பெருமையாக அர்த்தம் சொன்னார்கள்.

அந்த வம்சத்துப் பெயர்களே இப்படித்தான். அல்அத்தாஸ் என்றால் தும்முகிறவர். அஸ்ஸக்காஃப் என்ற பெயரில் கூரை இருக்கிறது, ஆனால் யாரும் கூரை வேய்ந்ததில்லை. ஆக, உங்கள் மகனின் மேலாளருக்கு முப்பாட்டனார் யாரோ நிஜமாகவே இரும்படித்திருக்கலாம். நீங்கள் ஓதும் ஹத்தாதுக்கு அது பக்கத்தில் உட்கார்ந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர்.

மேலாளர் விஷயத்தில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. கௌரவமான வம்சமா என்று கேட்டதற்கு யார் கோபித்துக்கொள்வார்கள்? சிரித்துத்தானே விட்டார். மகனை மன்னிப்பு கேட்கவெல்லாம் சொல்லாதீர்கள். "எங்கள் வீட்டில் உங்கள் பெயரை வாரம் ஒரு முறை சொல்கிறோம்" என்று ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லட்டும். பட்டறை அஹ்மத் கதையையும் சேர்த்துச் சொன்னால் அவருக்கும் புதிதாக இருக்கும்.

பேரன் பெயருக்கு என் பதில்: வேண்டாம். தப்பான அர்த்தம் என்பதால் இல்லை. கொல்லர் தொழிலில் என்ன குறை? தாவூது நபிக்கு இரும்பை மிருதுவாக்கிக் கொடுத்ததாகக் குர்ஆனே சொல்கிறதே. ஆனால் ஹத்தாத் என்பது குழந்தைக்கு வைக்கிற பெயர் இல்லை, ஒரு வீட்டின் பெயர். நாளைக்குப் பேரன் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போவான். பாஸ்போர்ட்டில் அதைப் பார்க்கிறவர்கள் "எந்த ஹத்தாத், தரீமா, லெபனானா?" என்று கேட்பார்கள். உங்கள் மகன் கேட்ட கேள்வியைப் பேரன் வாழ்நாள் முழுக்கப் பதிலோடு சுமக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளை அவரவர் தந்தையின் பெயரோடு சேர்த்தே அழையுங்கள் என்ற வசனம் (33:5) உங்களுக்குத் தெரியாததில்லை. அடுத்த வீட்டு வம்சப் பெயரைப் போட்டுக்கொள்வதைப் பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டாலும் இதையே சொல்வார் என்றுதான் நினைக்கிறேன்.

இமாமின் மேல் இருக்கும் பிரியத்தில்தானே கேட்கிறீர்கள்? அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அப்துல்லாஹ். அதையே வையுங்கள். அப்புறம், பேரன்தான் என்று முடிவே செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பேத்தியாகப் பிறந்தால் இன்னொரு கடிதம் போடுங்கள்.