ஷானன் கரையில் ஒரு பங்கு: க்ளோன்மக்நாய்ஸ் கேள்வி பதில்

கேள்வி: அயர்லாந்தின் நட்டநடுவில், ஊர் என்று சொல்லக்கூட எதுவும் இல்லாத ஆற்றங்கரையில் இவ்வளவு பெரிய க்ளோன்மக்நாய்ஸ் மடத்தை ஏன் கட்டினார்கள்?

இன்றைய வரைபடத்தைப் பார்த்தால் அது மூலைதான். 544-ல் புனித கியாரான் மடத்தை நிறுவியபோது அது நாற்சந்தி. வடக்கு தெற்காக ஷானன் ஆறு. கிழக்கு மேற்காக எஸ்கர் என்ற சரளைமேடு. பனியுகத்தில் பனிப்பாறைக்கு அடியில் ஓடிய நீரோடைகள் மணலையும் கூழாங்கல்லையும் கொட்டிக் கொட்டி எழுப்பிய நீண்ட வரப்பு அது. இருபுறமும் கால் வைத்தால் புதையும் பீட் சதுப்பு, நடுவே தண்ணீர் தங்காத இந்த மேடு. நாட்டைக் குறுக்கே கடக்க ஈரம் படாத வழி இதுதான், அது ஷானனைத் தொடும் இடத்தில் மடம். கியாரான் அடுத்த சில ஆண்டுகளுக்குள் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். இடத்தின் பலம்தான் மடத்தை வளர்த்தது என்பேன்.

கேள்வி: அங்கே ஆற்றைக் கடக்கப் பாலம் இருந்ததாமே?

இருந்தது. 1990-களில் முக்குளித்து ஆய்வு செய்தவர்கள் ஆற்றடியில் ஓக் மரத்தூண்களைக் கண்டார்கள். மரவளையங்களை எண்ணிப் பார்த்ததில் 804-ஆம் ஆண்டு என்று வந்தது. நூறு மீட்டருக்கும் நீளமான மரப்பாலம். ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களும் அதே இடத்தில் கிடைத்தன. இப்போது அங்கே பாலம் கிடையாது. காரில் அக்கரை போக வேண்டுமானால் தெற்கே ஷானன்பிரிட்ஜ் போக வேண்டும். அங்குள்ள கல்பாலம் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நெப்போலியன் படை மேற்கே இறங்கி இவ்வழியாக டப்ளினுக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் கட்டிய கோட்டை பாலத்தின் மேற்குத் தலைப்பில் நிற்கிறது.

கேள்வி: வைக்கிங்குகள்தான் மடத்தை அழித்தார்களா?

கொள்ளையடித்தார்கள். ஆனால் பழி முழுவதையும் அவர்கள் தலையில் கட்டுவது சரியல்ல. ஐரிஷ் அரசர்களும் இதே மடத்தை எரித்திருக்கிறார்கள், மன்ஸ்டர் அரசன் ஃபெட்லிமிட் அதில் பேர்போனவன். மடங்களே ஒன்றோடொன்று மோதிக்கொண்டதும் உண்டு. 764-ல் க்ளோன்மக்நாய்ஸ் ஆட்களும் டரோ மடத்து ஆட்களும் மோதியதில் டரோ பக்கம் 200 பேர் மாண்டதாக ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. நிலமும் மாடும் வரியும் இருந்தால் துறவிகளுக்கும் அடியாள் தேவைப்படும்! இறுதி அடி 1552-ல் அருகிலுள்ள அத்லோன் நகரில் இருந்த ஆங்கிலேயப் படையிடமிருந்து வந்தது. மணி, சிலை, புத்தகம், ஜன்னல் கண்ணாடி எதையும் விடவில்லை.

கேள்வி: என் கணவரின் முன்னோர் "க்ளோன்மக்நாய்ஸ் பாரிஷ்" என்று ஒரு பழைய கடிதத்தில் இருக்கிறது. பதிவுகளை எங்கே தொடங்கித் தேடுவது?

பாரிஷ் என்றால் பங்கு, ஒரு கோயிலின் கீழ் வரும் பகுதி. முதலில் எந்தப் பாரிஷ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நிலவரிக் கணக்குக்கான சிவில் பாரிஷ் ஒன்று, கத்தோலிக்கப் பங்கு ஒன்று, அயர்லாந்து திருச்சபையின் (ஆங்கிலிக்கன்) சேகரம் ஒன்று. மூன்றின் எல்லையும் பொருந்த வேண்டும் என்பதில்லை. மேலிடமும் வேறு. அயர்லாந்து திருச்சபையில் பழைய க்ளோன்மக்நாய்ஸ் மறைமாவட்டம் 16-ஆம் நூற்றாண்டிலேயே மீத்தோடு சேர்ந்தது. கத்தோலிக்கர் பக்கத்தில் 18-ஆம் நூற்றாண்டில் ஆர்டாவோடு சேர்ந்தது. தப்பான மறைமாவட்டத்தின் கீழ் தேடி, ஒன்றும் இல்லை என்று பலர் கைவிடுவது இங்கேதான்.

அடுத்து டவுன்லேண்ட் பெயர். அதுதான் நிலத்தின் மிகச் சிறிய அலகு, அது தெரியாமல் நகராதீர்கள். வரிக்காக நிலத்தை மதிப்பிட்ட கிரிஃபித் மதிப்பீட்டில் (1847–1864) குடும்பப் பெயரைக் கொடுத்தால் எந்த டவுன்லேண்டில் யாரிடம் குத்தகை என்பது வரும். 1901, 1911 கணக்கெடுப்புகள் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். அங்கே இரண்டு சிக்கல். க்ளோன்மக்நாய்ஸ் இருக்கும் கவுண்டியை (மாவட்டம்) இன்றைய பெயரில் ஆஃபலி என்று தேடினால் கிடைக்காது, அப்போது அது கிங்ஸ் கவுண்டி. பட்டியலும் பாரிஷ் வாரியாக இல்லை, தேர்தல் பிரிவு வாரியாக இருக்கும்.

பிறகு திருமுழுக்குப் பதிவேடு. தேசிய நூலகம் 2015-ல் கத்தோலிக்கப் பதிவேடுகளின் படங்களை இணையத்தில் ஏற்றியது, பெரும்பாலும் 1880 வரை. அந்தத் தளத்தில் பெயர் கொடுத்துத் தேட வழியில்லை, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஆகவே ஆண்டை முன்பின் ஐந்துக்குள் சுருக்கிக்கொண்டு உட்காருங்கள். ஜேம்ஸ் "யாகோபுஸ்" என்றும் வில்லியம் "குலியெல்முஸ்" என்றும் லத்தீனில் இருக்கலாம். ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதி வையுங்கள், பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான்.

கேள்வி: பிறந்த தேதிக்கு முன்பே திருமுழுக்கு கொடுத்ததாக இருக்கிறதே, வேறு ஆளா?

அதே ஆளாகத்தான் இருக்கும். 1864 முதல் பிறப்பை அரசிடம் பதிய வேண்டும், தாமதித்தால் அபராதம். தாமதமானவர்கள் தேதியைத் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். கோயில் தேதியை நம்புங்கள்.

கேள்வி: 1841 கணக்கெடுப்பு கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. 1821 முதல் 1851 வரையிலானவை 1922-ல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் போயின, துண்டுகள்தான் மிச்சம். அயர்லாந்து திருச்சபைப் பதிவேடுகளிலும் பாதிக்கு மேல் அதே தீயில். கத்தோலிக்கப் பதிவேடுகள் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. இன்னொன்று: ஆற்றின் மேற்குக் கரை ராஸ்காமன் கவுண்டி, கானட் மாகாணம். திருமணம் அக்கரையில் நடந்திருந்தால் இக்கரைப் பதிவேட்டில் தேடிப் பயனில்லை.

கேள்வி: குளிர்காலத்தில் ஷானன் கரை வயல்கள் ஏரியாகிவிடுகின்றன. ஏன் வடிய இவ்வளவு நாள்?

சரிவே இல்லை. ஷானனின் பெரிய இறக்கம் எல்லாம் கீழே, கில்லாலூவுக்கும் லிமெரிக்குக்கும் நடுவே. சுமார் 30 மீட்டர். அந்த இறக்கத்தில்தான் 1929-ல் ஆர்ட்னக்ரஷா மின்நிலையம் வந்தது. நடுப்பகுதியில் ஆறு கிட்டத்தட்ட மட்டமாகக் கிடக்கிறது. கரையோர "கேலோ" புல்வெளிகளுக்கு அந்த வெள்ளமே உரம், கோடையின் பிற்பகுதியில் புல்லை அறுத்துக் காயவைப்பார்கள். கோடையில் வெள்ளம் வந்தால்தான் கேடு. புல்லும் போகும், தரையில் கூடு கட்டும் பறவைகளும் போகும்.

கேள்வி: அத்லோனில் இருக்கிறேன். ஒரு நாளில் என்ன பார்க்கலாம்?

என்62 சாலையில் தெற்கே பாலினஹவுன் வரை, அங்கிருந்து ஆர்444 சாலை. மொத்தம் 20 கி.மீ. போல. முதலில் பார்வையாளர் மையக் கூடத்துக்குள் போங்கள். வேதாகமக் காட்சிகள் செதுக்கிய வேதாகமச் சிலுவையின் அசல் அங்கேதான் இருக்கிறது, வெளியே நிற்பது நகல். 4 மீட்டர் உயர மணற்கல்லில் அடிப்பகுதியில் தேய்ந்த எழுத்துகள் தெரியும், அரசன் ஃப்ளானுக்காகப் பிரார்த்திக்கச் சொல்பவை. அவன் இறந்தது 916-ல். பெரிய வட்டக்கோபுரம் 1124-ல் முடிந்தது, 1135-ல் இடி தலையைத் தட்டிவிட்டது. கதீட்ரலின் வடக்கு வாசலில் ஒருவர் சுவரைப் பார்த்து நின்று விளிம்பிலுள்ள குழிவான பள்ளத்தில் கிசுகிசுத்தால், எதிர்ப்பக்கம் காது வைப்பவருக்குக் கேட்கும். வாசலுக்கு நேரே நின்று பேசினால் வேலை செய்யாது.

பலர் தவறவிடுவது கன்னியர் கோயிலை. கிழக்கே புதிய கல்லறைத் தோட்டத்தைத் தாண்டிச் சில நிமிட நடை. 1167-ல் டெர்வோர்கில்லா கட்டி முடித்தது. 1152-ல் லெய்ன்ஸ்டர் அரசன் டயர்மட் தூக்கிச் சென்றதாகச் சொல்லப்படும் அதே அரசிதான். என்னைக் கேட்டால் வளாகத்திலேயே சிறந்த சிற்பம் இந்தக் கோயிலின் இரண்டு வளைவுகளில்தான். மழை பெய்திருந்தால் புல்லில் நீர் நிற்கும், பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.