விசா முடியப்போகிறது, அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை: ஜெர்மனியில் வதிவிட அனுமதி

கேள்வி: முதுகலை படிக்க ஜெர்மனி வந்திருக்கிறேன். தூதரகத்தில் கொடுத்த தேசிய விசா அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. வதிவிட அனுமதிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கேட்டால், மூன்று மாதம் கழித்துத்தான் தேதி கிடைக்கிறது. விசா முடிந்த மறுநாளே நான் சட்டவிரோதமாகத் தங்கியவன் ஆகிவிடுவேனா? இடையில் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் வரலாமா?

பதில்: பயப்படாதீர்கள். ஆனால் இன்றே ஒரு வேலை செய்ய வேண்டும். சட்டம் பார்ப்பது நீங்கள் விண்ணப்பித்த தேதியை. அதிகாரி உங்களைச் சந்திக்கும் தேதி எப்போது என்பது அதற்கு முக்கியமில்லை. ஜெர்மன் வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு சொல்வது இதுதான்: கையில் இருக்கும் விசா முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு தெரியும்வரை அந்த விசாவே செல்லுபடியாவதாகக் கொள்ளப்படும். படிப்பு, பகுதிநேர வேலை எல்லாம் பழைய நிபந்தனைகளோடு அப்படியே தொடரும். சுற்றுலாவுக்கு வாங்கும் குறுகிய கால ஷெங்கன் விசாவுக்கு இந்தச் சலுகை இல்லை. உங்களுடையது நீண்ட காலம் தங்குவதற்கான தேசிய விசா என்பதால் உண்டு.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நேரம் பதிவு செய்ததையே விண்ணப்பித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். சில ஊர்களில் அதை ஏற்பார்கள், சில ஊர்களில் ஏற்க மாட்டார்கள். அந்தச் சந்தேகத்துக்கே இடம் கொடுக்காதீர்கள். உங்கள் ஊர் அலுவலகத்துக்கு இணையவழி விண்ணப்பம் இருந்தால் அதிலேயே முடித்து, வரும் ஒப்புகையைச் சேமித்து வையுங்கள். இல்லையென்றால் ஜெர்மனில் ஒரு சின்னக் கடிதம் போதும்: பெயர், பிறந்த தேதி, முகவரி, பாஸ்போர்ட் எண், விசா முடியும் நாள், ‘படிப்புக்காக வதிவிட அனுமதி கேட்டு இதன்மூலம் விண்ணப்பிக்கிறேன்’ என்று தெளிவாக ஒரு வரி, கீழே கையெழுத்து. அதை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். தபால் ரசீதை பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு தாள் குறைகிறது என்பதற்காகக் கடிதத்தைத் தள்ளிப்போட வேண்டாம். விடுபட்டதைப் பிறகு சேர்க்கலாம். தவறிய தேதியைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம். தாமதமாக விண்ணப்பித்தாலும் அலுவலகம் மனசு வைத்தால் விசாவின் செல்லுபடியைத் தொடர விடலாம் என்று சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது.

எந்த ஊரில் முகவரி பதிந்திருக்கிறீர்களோ அந்த ஊர் அலுவலகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வீடு மாறினால் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவை மாற்றிவிடுங்கள். வேறு ஊருக்குப் போயிருந்தால் உங்கள் கோப்பும் பின்னாலேயே வந்தாக வேண்டும், அதற்கும் நாளாகும்.

இனி கல்யாணப் பயணம். விண்ணப்பித்ததற்கு அத்தாட்சியாக ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்றொரு ஆவணம் தருவார்கள். கட்டணம் 13 யூரோ. ஜெர்மனிக்குள்ளே இருக்கும்வரை அது இல்லாவிட்டாலும் உங்கள் உரிமை போய்விடாது. ஆனால் எல்லை தாண்டித் திரும்பி வர அது கட்டாயம் வேண்டும். வாங்கியதும் அதன் மூன்றாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டத்தில், அதாவது 81ஆம் பிரிவு 4ஆம் உட்பிரிவு என்று இருக்கும் இடத்தில் குறி இருந்தால், முடிந்துபோன விசாவும் பாஸ்போர்ட்டும் சேர்த்துக் காட்டித் திரும்ப உள்ளே வரலாம். மேலே உள்ள இரண்டில் ஒன்றில் குறி இருந்தால் அதை நம்பி வெளியே போகாதீர்கள். உங்கள் விஷயத்தில் மூன்றாவதுதான் வர வேண்டும். மாறியிருந்தால் அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்குள் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

விண்ணப்பக் கடிதத்திலேயே பயணத் தேதியைச் சொல்லி இந்த ஆவணத்தையும் கேளுங்கள். கையில் வராமல் டிக்கெட் போடாதீர்கள் என்பேன். அக்கா கல்யாணம், மனசு கேட்காது, புரிகிறது. ஆனாலும் அந்த ஆவணத்தைக் கையில் வாங்காமல் கிளம்பினால் ஊரிலிருந்து புதிதாக விசா வாங்கித்தான் திரும்ப வேண்டியிருக்கும். ஒரு செமஸ்டரே போய்விடக்கூடும். முடிந்தவரை ஜெர்மனிக்கே நேரடி விமானமாகப் பாருங்கள். விமான நிலைய கவுன்ட்டரில் இந்தத் தாளைப் பார்த்துப் பழக்கமில்லாத ஊழியர் இருக்கலாம், கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, கல்லூரிச் சேர்க்கைச் சான்று, மருத்துவக் காப்பீடு, வாடகை ஒப்பந்தம், முகவரிப் பதிவு எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். சிக்கல் வருவது பணத்தில். வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய பணம் 2024 இலையுதிர் காலத்திலிருந்து மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ என்று கணக்கு. முடக்கக் கணக்கில் (மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டி வைக்கும் வங்கிக் கணக்கு) போட்ட தொகையில் இதுவரை மாதாமாதம் எடுத்ததுபோக மீதி எவ்வளவு என்று அதிகாரி பார்ப்பார். குறைந்தால் கணக்கை நிரப்புங்கள், அல்லது பகுதிநேர வேலையின் சம்பளச் சீட்டுகளை வையுங்கள். இன்னொன்று, 2025 மே மாதம் முதல் டிஜிட்டல் முறையில் எடுத்த பயோமெட்ரிக் படத்துக்கு மாறிவிட்டார்கள். அச்சிட்ட போட்டோவை நம்பிப் போகாதீர்கள். முதல் வதிவிட அனுமதிக்குப் பொதுவாக 100 யூரோ கட்டணம். அனுமதி கிடைத்தாலும் அட்டை அச்சாகிக் கைக்கு வரச் சில வாரம் ஆகும். அதற்குள் அந்த இடைக்கால ஆவணத்தின் தேதி முடிந்துவிடும்போல இருந்தால், முடிவதற்கு முன்பே எழுதி நீட்டிக்கச் சொல்லுங்கள்.