முதுகில் யாரும் ஏறாத குட்டிக்குக் கோடிகள்: கேளுங்கள், சொல்கிறேன்

சென்னையில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் ரேஸ் குதிரைகளின் காலையும் தொண்டையையும் பார்த்தே இருபத்தாறு வருடம் ஓட்டியவன் நான். இப்போது ஓய்வு. ஏலத்துக்கு வரும் ஓராண்டுக் குட்டிகள் பற்றியும் டிராக் பற்றியும் கேட்கலாம். சனிக்கிழமை எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். தெரிந்திருந்தால் ஓய்வூதியத்தில் காலம் தள்ளிக்கொண்டிருக்க மாட்டேன்.

கேள்வி (சேலம்): இயர்லிங் என்றால் ஒரு வயதுக் குட்டியா? ஒரு பந்தயம்கூட ஓடாததற்கு எதை நம்பிப் பணம் கொட்டுகிறார்கள்?

ஆமாம், ஒரு வயது. ஆனால் பிறந்தநாள் கணக்கு வேறு. வட அரைக்கோளத்தில் எல்லாத் தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்) குட்டிகளுக்கும் ஜனவரி 1தான் பிறந்தநாள். மே மாதம் பிறந்ததும் பிப்ரவரியில் பிறந்ததும் ஒரே வயதுதான். அதனால் செப்டம்பரில் லெக்சிங்டனின் கீன்லேண்ட் ஏலத்துக்கு வரும்போது ஒன்று திடகாத்திரமாக நிற்கும், பக்கத்தில் ஒன்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்கும். சேணம் பார்த்திராத குட்டிகள் இவை. வாங்குபவன் பார்க்கக் கிடைப்பது மூன்றே: வம்சாவளிப் பக்கம், நடை, மருத்துவ அறிக்கை.

எதை நம்பி என்றால், ஓட்டத்தை நம்பி இல்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதி புரிந்த மாதிரி. ஊரில் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறோம்; ஒரு காளையின் விந்து நூறு ஊருக்குப் போகிறது. தரோபிரெட் குதிரைக்கு அது செல்லாது. நேரடி இணைசேர்க்கையில் பிறந்த குட்டியைத்தான் பதிவு செய்வார்கள். ஆகவே நல்ல பொலிகுதிரையின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி விலை. ஃபுசாய்ச்சி பெகாசஸ் என்ற குதிரை 1998இல் குட்டியாக 40 லட்சம் டாலருக்குப் போனது. 2000இல் அமெரிக்காவின் பெரிய பந்தயமான கென்டக்கி டெர்பியை ஜெயித்தது. பிறகு பொலிக்காக 6 கோடி டாலருக்கு மேல் விலைபோனதாகப் பேச்சு. ஃப்ளைட்லைனை 2019இல் சரடோகா ஏலத்தில் 10 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். 2022இல் அதன் இரண்டரை சதவீதப் பங்கு மட்டும் 46 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. முழுக் குதிரைக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மாதிரி ஒன்றைப் பிடிக்கத்தான் மற்ற நூறையும் வாங்குகிறார்கள். பரிசுப் பணம் தீவனச் செலவுக்கே பத்தாது.

கேள்வி (மதுரை): இதில் பெரிய நஷ்டம் யாருக்கு?

ஸ்னாஃபி டான்சர். 1983 ஜூலை, கீன்லேண்ட். பேர்பெற்ற பொலிகுதிரை நார்தர்ன் டான்சரின் ஆண் குட்டி. துபாய் ஷேக் முகமது ஒரு பக்கம், இங்கிலாந்துக் குதிரை முதலாளி ராபர்ட் சாங்ஸ்டர் கூட்டம் மறுபக்கம். ஏலப் பலகையில் ஏழு இலக்கம்தான் காட்ட முடியும். ஒரு கோடியைத் தாண்டியதும் பலகை திணறிப்போனது. 1.02 கோடி டாலருக்கு ஷேக் வாங்கினார். குட்டி ஒரு பந்தயத்திலும் இறங்கவில்லை. பயிற்சியிலேயே அவ்வளவு மந்தம். சரி, பொலிக்காவது வைப்போம் என்றால் அதிலும் கோளாறு. மொத்தம் நான்கு குட்டிகள்தான் பிறந்தன.

இரண்டு வருடம் கழித்து சியாட்டில் டான்சர், 1.31 கோடி டாலர். இந்த முறை சாங்ஸ்டர் பக்கம் ஜெயித்தது. ஓராண்டுக் குட்டி விலையில் அந்தத் தொகையை இன்னும் எதுவும் தாண்டவில்லை. ஐந்து ஓட்டம், இரண்டு வெற்றி. மோசமில்லை, ஆனால் அந்த விலைக்கு?

2006இல் ஃப்ளோரிடாவில் 1.6 கோடிக்குப் போன தி கிரீன் மங்கி ஓராண்டுக் குட்டி இல்லை, பயிற்சி தொடங்கிய இரண்டு வயதுக் குட்டி. ஏலத்துக்கு முன் சுமார் 200 மீட்டரை 9.8 வினாடியில் ஓடிக் காட்டியது. எல்லாரும் மயங்கிவிட்டார்கள். பெரிய பந்தயங்களில் ஒரு மைலுக்கு மேல் மூச்சுப் பிடிக்க வேண்டும். இது நூறடி ஓடி பஸ் பிடிப்பது மாதிரி. மூன்று ஓட்டம், வெற்றி இல்லை, சம்பாதித்தது 10,440 டாலர்.

மூன்றிலும் ஒரு பொது விஷயம் கவனியுங்கள். குதிரைக்கு அந்த விலையைக் குதிரை வாங்கித் தரவில்லை. விட்டுக்கொடுக்காத இரண்டு பேர் ஒரே கூடத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். மூன்றாவது ஆள் எந்த விலைக்கு நிறுத்திக்கொண்டானோ அதுதான் சந்தை விலை. மேலே உள்ளது வீம்பு.

கேள்வி (திருச்சி): சார், இந்த வாரம் ஒரு டிப்ஸ்?

முதல் பத்தியைப் படியுங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு குட்டி வாங்கலாமா என்று யோசிக்கிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் உங்கள் வங்கிக் கணக்கை. சுத்தியல் விழுந்த நொடியில் குட்டி உங்களுடையது. கூடத்தைவிட்டு வெளியே போகும் வழியில் கால் இடறினாலும் உங்கள் கால்தான். காப்பீடும் அந்த நொடியிலிருந்தே தொடங்க வேண்டும். அதன் பிறகு பயிற்சியாளருக்கு நாளுக்கு 100 டாலருக்கு மேல். லாடம், மருத்துவர், வண்டி எல்லாம் தனி. முதல் பந்தயத்துக்கே ஒரு வருடம் ஆகலாம். ஓடாமலே போகும் குட்டிகளும் நிறைய.

அப்புறம், ஏல வளாகத்தில் மருத்துவ அறிக்கை அறை என்று ஒன்று உண்டு. விற்பவர்கள் எடுத்த எக்ஸ்ரே, தொண்டை எண்டோஸ்கோப்பி எல்லாம் அங்கே இருக்கும். உங்கள் சார்பில் ஒரு மருத்துவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டில் சிறு குருத்தெலும்புக் கோளாறு இருந்தால் பயப்பட வேண்டாம், பலதும் சரியாகிவிடும். தொண்டை அப்படி இல்லை. குரல்வளையின் இடப்பக்கச் சதை வலுவிழந்தால் ஓடும்போது காற்றுப் பாதை அடைபடும்; குதிரை உறுமிக்கொண்டு ஓடும், கடைசி 400 மீட்டரில் நின்றுவிடும்.

ஒருமுறை ஒருவருக்காகப் பார்த்தேன். 'இந்தத் தொண்டை வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தேன். எதிர் வரிசையில் இருந்தவர் கை தூக்கியதும் இவருக்குப் பொறுக்கவில்லை. என் சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே ஏலம் கேட்டார். வாங்கினார். அறுவை சிகிச்சை செய்தும் அது ஜெயிக்கவே இல்லை. என் கட்டணத்தை மட்டும் ஒழுங்காகக் கொடுத்தார். அறிக்கை பார்க்காமல் கை தூக்காதீர்கள். பார்த்தபின் அதை மறந்தும் கை தூக்காதீர்கள்.

கேள்வி (கோவை): சியாட்டில் ஸ்லூ வெறும் 17,500 டாலர், டிரிபிள் கிரவுன் எனும் மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்தது. ஜான் ஹென்றி 1,100 டாலர், 65 லட்சத்துக்கு மேல் சம்பாதித்தது. அப்படியானால் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் முட்டாள்கள்தானே?

பெயர்கள் சரி. இன்னும் ஒன்று நான் சேர்க்கிறேன்: சண்டே சைலன்ஸ் ஏலத்தில் 17,000 டாலரோடு நின்றுபோய், விலை பத்தாமல் வீட்டுக்கே திரும்பியது. பின்னங்கால் அமைப்பு சரியில்லை என்று எல்லாரும் ஒதுக்கினார்கள். 1989 டெர்பியை ஜெயித்தது. பிறகு ஜப்பான் போய் அந்த நாட்டின் பொலி வரலாற்றையே மாற்றியது. நான் அப்போது ஏலத்தில் இருந்திருந்தால் நானும் ஒதுக்கியிருப்பேன்.

ஆனால் 1,100 டாலருக்கு வாங்கி எங்கேயோ காணாமல் போன ஆயிரக்கணக்கான குதிரைகளின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, யாருக்கும் தெரியாது. ஒரு குதிரையைக் காட்டி விதி எழுதக் கூடாது.

கேள்வி (யாழ்ப்பாணம்): மழையில் ஓடும் பந்தயத்தில் 'ஸ்லாப்பி', 'மடி' என்று இரண்டு சொல் வருகிறதே, இரண்டும் சேறுதானே ஐயா?

நல்ல கேள்வி. இரண்டும் ஒன்றில்லை. அமெரிக்க மண் டிராக்கில் கெட்டியான அடித்தளத்தின்மேல் சில அங்குலம் தளர்ந்த மணல், வண்டல், களிமண் கலவை இருக்கும். மழை வருகிறது என்று தெரிந்தால் உருளையும் பலகையும் இழுத்து மேற்பரப்பை அழுத்தி மூடிவிடுவார்கள், தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரத்துக்கு வழிந்தோட. அப்போது மேலே தண்ணீர் தேங்கி நிற்கும், அடியில் கெட்டி. அதுதான் ஸ்லாப்பி. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், நேரம் என்னவோ வேகமாகவே வரும். தண்ணீர் உள்ளே ஊறி, நாற்று நடும் வயல் மாதிரி காலைப் பிடித்து இழுத்தால் அது மடி. வேகம் செத்துவிடும்.

எனக்குப் பயம் இரண்டையும்விடக் காய்ந்துகொண்டிருக்கும் டிராக்தான். ஓர் இடம் கெட்டி, பத்தடி தள்ளி இளக்கம். குளம்பு ஒன்றை எதிர்பார்த்து வைக்கும், இருப்பது வேறு. 2009 டெர்பியில் 9,500 டாலர் குட்டியான மைன் தட் பர்ட் ஸ்லாப்பி டிராக்கில் உள்வேலியை ஒட்டிக் கடைசியிலிருந்து வந்து ஜெயித்ததைத் தேடிப் பாருங்கள். முன்னே போகும் குதிரை வீசும் சேறு பின்னால் வருவதன் முகத்தில் அடிக்கும். அதைத் தாங்காமல் விட்டுக்கொடுக்கும் குதிரைகளே அதிகம்.

புல் டிராக்குக்கு வேறு கணக்கு. இந்திய மைதானங்களில் பெனட்ரோமீட்டர் எண் போடுவார்கள்: எடையை விழவிட்டு, கம்பி எத்தனை ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பது.

கேள்வி (சென்னை): கிண்டி ரேஸ் மைதான விவகாரம் என்ன ஆகும்? குதிரைப் பந்தயம் சூதாட்டமா இல்லையா?

நிலம், குத்தகை பற்றி வக்கீலைக் கேளுங்கள். பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் இல்லை என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே கிண்டி தொடர்பான வழக்கில்தான். குட்டி வாங்குவது பற்றி நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை, நல்லவேளை.

கேள்வி (பெங்களூரு): சிவில் இன்ஜினியர் நான். மெழுகு பூசிய மணலும் இழையும் கலந்த செயற்கை டிராக்கில் தண்ணீர் தேங்காது, சாவும் குறைவு. அப்படியிருக்க, போட்டவர்களே ஏன் பிடுங்கினார்கள்? உங்கள் கூட்டத்தின் பழமைவாதம்தானே?

கோபம் நியாயம், காரணம் அவ்வளவு எளிதில்லை. சாவு எண்ணிக்கை மண்ணைவிடச் செயற்கை டிராக்கில் குறைவு என்பதை நான் மறுக்கவே இல்லை. தரோபிரெட் பதிவேட்டை வைத்திருக்கும் அமெரிக்க ஜாக்கி கிளப்பின் கணக்கே அதைச் சொல்கிறது. ஆனால் எந்த டிராக்கும் படத்தில் இருப்பதுபோல் தரையில் இருப்பதில்லை. கலிஃபோர்னியா 2007 முடிவுக்குள் எல்லாப் பெரிய மைதானமும் செயற்கைக்கு மாற வேண்டும் என்றது. அங்கே சாண்டா அனிடா மைதானத்தில் போட்டார்கள், 2008 ஜனவரி மழையில் தண்ணீர் வடியாமல் பந்தய நாள்கள் ரத்தாயின. தண்ணீர் தேங்காது என்று சொன்ன டிராக்! வெயிலில் மெழுகு இளகும், காலை ஒரு குணம், மதியம் ஒரு குணம். பின்னங்கால் தசைநார் கோளாறு கூடுகிறது என்று பயிற்சியாளர்கள் புலம்பினார்கள். 2010 இறுதியில் மண்ணுக்கே திரும்பினார்கள்.

அதே நண்பர்: திரும்பிய அதே சாண்டா அனிடாவில்தான் 2018-19 பருவத்தில் 30 குதிரைகள் செத்தன. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

செத்தன. அந்தக் குளிர்காலத்தில் நிற்காத மழை. மூடுவதும் கிளறுவதுமாக டிராக்கைப் படுத்தினார்கள். மார்ச்சில் பந்தயத்தையே நிறுத்தினார்கள். பிறகு வந்த விசாரணையில் எலும்பு முறிந்த குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்பே அங்கே தேய்மானம் இருந்தது தெரிந்தது. டிராக் மட்டும் கொன்றது என்று சொல்ல முடியாது. டிராக்குக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நாடு முழுக்க ஆயிரம் ஓட்டத்துக்கு 2009இல் 2.00 சாவு, 2023இல் 1.32. குறைந்திருக்கிறது. பத்தாது.

கேள்வி (துபாய்): டாக்டர், சனிக்கிழமைக்கு ஏதாவது...

இல்லை. துபாயிலிருந்து கேட்பதால் ஒன்று சொல்கிறேன்: உங்கள் மெய்டான் மைதானமும் 2010இல் செயற்கை டிராக்கோடு திறந்து, 2015 உலகக் கோப்பைக்குள் மண்ணுக்கு மாறிவிட்டது.

பெங்களூரு நண்பர் மீண்டும்: கீன்லேண்டில் வடிகால் பிரச்சினை இல்லையே. அங்கே ஏன் எடுத்தார்கள்?

இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். கீன்லேண்ட் 2006இல் பாலிட்ராக் என்ற செயற்கை டிராக் போட்டது, 2014இல் எடுத்தது. அது ரேஸ் மைதானம் மட்டும் இல்லை, உலகத்தின் பெரிய குட்டிச் சந்தை. அமெரிக்காவில் ஒரு குட்டியின் விலை கென்டக்கி டெர்பி என்ற ஒற்றைக் கனவில் தொங்குகிறது. அது மண்ணில் ஓடுகிறது. செயற்கை டிராக், புல்லில் ஓடும் வம்சத்துக்கு ஒத்துவரும். 2008இல் பிரீடர்ஸ் கப் கிளாசிக் என்ற பெரிய பந்தயத்தை சாண்டா அனிடாவில் செயற்கை டிராக்கில் வைத்தபோது இங்கிலாந்திலிருந்து வந்த, புல்லில் ஓடிப் பழகிய ரேவன்ஸ் பாஸ் ஜெயித்தது, மண்ணின் ராஜா கர்லின் நான்காவது. டெர்பிக்குத் தயாராகும் பெரிய குதிரைகள் கீன்லேண்டைத் தவிர்க்க ஆரம்பித்தன. விற்கும் குட்டி மண் குட்டி, காட்டும் டிராக் வேறு என்றால் கடை எப்படி ஓடும்? ஆகவே, ஆமாம், குட்டி விலைக்கும் டிராக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

டொராண்டோ வாசகர் குறுக்கிட்டு: எங்கள் ஊர் வுட்பைன் மைதானத்தில் செயற்கை டிராக் நன்றாகத்தான் ஓடுகிறது. 2011இல் அனிமல் கிங்டம் செயற்கை டிராக்கில் ஜெயித்துவிட்டு, மண்ணில் தன் முதல் ஓட்டத்திலேயே டெர்பி ஜெயிக்கவில்லையா?

ஜெயித்தது. நானும் கண்ணால் பார்த்தேன், பந்தயம் கட்டாமல் விட்டதற்கு வருத்தப்பட்டேன். ஒரு குதிரையைக் காட்டி விதி எழுதக் கூடாது என்று கோவைக்காரரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லியிருப்பேன். ஆனால் கர்லினைக் காட்டி நானும் அதைத்தான் செய்தேன், ஆகவே விட்டுவிடுகிறேன்.

பெங்களூரு நண்பர்: அப்படியானால் குதிரை உயிரைவிட ஏல விலை பெரிது என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

முடிவு எடுத்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நல்ல மண் டிராக், நல்ல வடிகால் என்று சொல்வார்கள். புது மண் டிராக்கை அக்கறையோடுதான் போட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் பெரிய முதலாளிகளின் குட்டிகள் செயற்கை டிராக்கில்தான் விலைபோகும் என்று இருந்திருந்தால், வெயிலில் மெழுகு இளகுவதற்கு என்றோ வழி கண்டுபிடித்திருப்பார்கள். இருபத்தாறு வருடம் அந்தச் சம்பளத்தில் சாப்பிட்டவன் சொல்கிறேன். இதற்குமேல் இந்த விஷயத்தில் பதில் இல்லை, கை வலிக்கிறது.

கேள்வி (ஈரோடு): இயர்லிங் என்றால் எத்தனை வயது?

முதல் பதில்.

கேள்வி (புதுச்சேரி): 1.6 கோடி டாலர் குதிரைக்குப் போய் 'பச்சைக் குரங்கு' என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

பார்படோஸ் தீவில் உள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தின் பெயர் அது. அந்தத் தீவில் பச்சைக் குரங்கு என்று ஓர் இனம் நிஜமாகவே இருக்கிறது. மரத்துக்கு மரம் நன்றாகவே தாவும்.