48,000 வெள்ளி கார்டு கடன், 3,500 வெள்ளி சம்பளம்: நொடித்துப்போகாமல் தப்ப என்ன வழி?

நீங்கள் கேட்டது: கணவர் சிங்கப்பூரர், சம்பளம் 3,500 வெள்ளி. நான்கு வங்கிகளில் கார்டு கடன் 48,000 வெள்ளி. மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டுகிறோம். லைசென்ஸ் உள்ள கடன்கொடுப்பவரிடம் வாங்கி ஒரு கார்டையாவது அடைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அங்கே 5,000 எடுத்தால் நிர்வாகக் கட்டணமாக 500 வெள்ளி வரை பிடித்துக்கொள்ளலாம். கைக்கு 4,500தான் வரும். வட்டியோ மாதத்துக்கு 4 விழுக்காடு வரை.

மினிமம் கட்டியும் கடன் ஏன் குறையவில்லை? 10,000 வெள்ளி பாக்கிக்கு 3 விழுக்காடு, அதாவது 300 கட்டுகிறீர்கள். ஆண்டுக்கு 26 விழுக்காடு என்று வைத்தால் சுமார் 217 வெள்ளி வட்டிக்கே போய்விடும்; அசலில் கழிவது 83. அதே கார்டில் அந்த மாதம் 100 வெள்ளிக்கு மளிகை வாங்கினால் பாக்கி ஏறத்தான் செய்யும். இன்றைக்கே கார்டுகளைப் பணப்பையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு முதலில் பொருந்துவது வங்கிகளின் கடன் ஒருங்கிணைப்புத் திட்டம், டிசிபி. ஒரு வங்கி உங்கள் எல்லா கார்டு பாக்கியையும் அடைத்துவிடும்; பிறகு அந்த ஒரு வங்கிக்கு மட்டும் தவணை கட்டுவீர்கள். ஆண்டு வருமானம் 20,000க்கும் 120,000க்கும் இடையில் இருக்க வேண்டும். வட்டி ஏறும் பிணையில்லாக் கடன் (கார்டு கடன் போல, எதையும் அடமானம் வைக்காமல் வாங்கியது) 12 மாதச் சம்பளத்தைத் தாண்டியிருக்க வேண்டும். உங்கள் கணக்கில் அந்த வரம்பு 42,000, ஆகவே விண்ணப்பிக்கலாம். சம்பளச் சீட்டு, எல்லா கார்டு ஸ்டேட்மென்ட்டுகள், கிரெடிட் பீரோ அறிக்கை (உங்கள் கடன் வரலாற்றைக் காட்டுவது) தயாராக இருக்கட்டும். புது வங்கி பழைய பாக்கிகளை அடைத்த பிறகும், இடையில் ஏறிய வட்டி ஏதாவது ஒரு கார்டில் தங்கியிருக்கலாம். அதற்காகத்தான் 5 விழுக்காடு கூடுதலாகத் தருகிறார்கள். ஒவ்வொரு வங்கியையும் கூப்பிட்டு, பாக்கி பூஜ்யம்தானா என்று கேளுங்கள்.

தவணை ஏற்கெனவே தவறியிருந்தால் டிசிபி கிடைப்பது கடினம். அப்போது கிரெடிட் கவுன்செலிங் சிங்கப்பூர் என்ற கடன் ஆலோசனை அமைப்பை நாடுங்கள். வீட்டுச் செலவை வரிவரியாகப் பார்த்து, கட்டக்கூடிய தவணையைக் கணக்கிட்டு வங்கிகளிடம் முன்வைப்பார்கள். பேருந்துக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எதையும் மறைக்காதீர்கள். குறைத்துச் சொன்னால் மூன்றாம் மாதமே தவணை உடையும். வங்கிகள் ஒத்துக்கொண்டே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை, ஆனாலும் போய்ப் பாருங்கள்.

கடனைக் கட்டச் சொல்லி வங்கியிடமிருந்து சட்டபூர்வக் கோரிக்கைக் கடிதம் வந்தால் பிரிக்காமல் வைக்காதீர்கள். 21 நாள்தான் அவகாசம். அதற்குப் பிறகு, கடன் 15,000 வெள்ளிக்குக் குறையாமல் இருந்தால் வங்கி நீதிமன்றத்தில் நொடிப்பு மனு போடலாம். அந்தக் கட்டத்திலும், மொத்தக் கடன் 150,000க்குள் இருந்து நிலையான வருமானமும் இருந்தால், நீதிமன்றம், நொடித்தவராக அறிவிக்காமல் தவணையில் கட்ட விடும் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டத்துக்கு அனுப்பலாம். அதிகபட்சம் 5 ஆண்டுகள். நாமாகவே போய் அதற்கு விண்ணப்பிக்க முடியாது.

சிபிஎஃப் (மத்திய சேமநிதி) பணத்தில் இந்த வங்கிகள் கைவைக்க முடியாது. கணவரின் கார்டு கடனுக்கு, நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிராவிட்டால், மனைவி என்பதால் மட்டும் உங்களைக் கேட்க முடியாது. வசூலுக்கு வருபவர் வீட்டு வாசலில் ஏதாவது தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.