நேரலையில் யாரும் வாய் திறப்பதில்லையே!

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஞாயிறுதோறும் காலை 10 மணிக்கு எங்கள் மாடித்தோட்டத்திலிருந்து யூடியூபில் நேரலை செய்கிறேன். 60, 70 பேர் பார்க்கிறார்கள். "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று எத்தனை தடவை சொன்னாலும் சாட்டில் ஒரு வரி வருவதில்லை. மறுநாள் மதியம் மட்டும் வாட்ஸ்அப்பில் கேள்வி மேல் கேள்வி! முன்பு ஒரு பெண் அடிக்கடி எழுதுவார். அவர் 'வென்டைக்காய்' என்று எழுதியதை ஒருநாள் அன்போடு திருத்தினேன். இப்போது அவரையும் காணோம். நேரலையை நிறுத்திவிட்டு வெறும் வீடியோ போடட்டுமா?
- வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். மறுநாள் கேள்வி வருகிறது என்றால் உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். நாலு பேர் முன்னால் எழுதத்தான் தயங்குகிறார்கள்.

அந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒருவர் எழுத்தை நீங்கள் திருத்தியதை அன்று பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். தமிழாசிரியை நடத்தும் நேரலையில் ணகர னகரம் தடுமாறினால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார்கள். பலருக்குப் போனில் தமிழில் தட்டவே வராது, ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்கள். அதனால் அடுத்த ஞாயிறு தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: "எப்படி வேணும்னாலும் எழுதுங்க, எழுத்துப்பிழை பார்க்க மாட்டேன்." சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும். தப்பாக எழுதியிருந்தாலும் சரியான உச்சரிப்பில் படித்துவிட்டு, நேராகச் செடிக்கு வந்துவிடுங்கள்.

அடுத்தது உங்கள் கேள்வி. "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றால் வகுப்பில் எத்தனை பேர் கை தூக்குவார்கள் என்று உங்களுக்கே தெரியும். சந்தேகத்தை வார்த்தையாக்குவது பெரிய வேலை. அதைவிட, ஒரு கத்திரி இலையைத் திருப்பி கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுங்கள். "காம்புக்குப் பக்கத்தில் வெள்ளையாப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கு பாருங்க, இதுதான் மாவுப்பூச்சி. உங்க செடியில் இருந்தா 1 போடுங்க, இல்லைன்னா 2." ஒரே ஒரு எண், யார் வேண்டுமானாலும் போடலாம். 1 நிறைய வந்தால், அன்றைக்கு வேறு எதைப் பேச நினைத்திருந்தாலும் தள்ளிவைத்துவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசலைக் கலந்து காட்டுங்கள். தான் போட்ட ஒரு எண்ணால் நிகழ்ச்சியே திரும்பியதைப் பார்த்தவர் அடுத்த வாரம் ஒரு வாக்கியம் எழுதுவார். பெயர் வெளியே தெரியக் கூசுகிறவர்களுக்கு லைவ் சாட்டில் வாக்கெடுப்பு வசதி இருக்கிறது. முடிவு மட்டும் தெரியும், யார் எதைத் தொட்டார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: நேரலை என்று பெயர் இருந்தாலும் உங்கள் குரல் உடனே போய்ச் சேர்வதில்லை. நீங்கள் கேட்டது அவருக்குப் போய், அவர் யோசித்து, எழுத்தைத் தேடித் தட்டி அனுப்புவதற்குள் அரை நிமிடம்கூட ஆகலாம். நீங்கள் ஐந்து விநாடி பார்த்துவிட்டு "சரி, யாருக்கும் சந்தேகம் இல்லை" என்று அடுத்த தொட்டிக்குப் போயிருப்பீர்கள். அவர் அடித்ததை அழித்துவிடுவார். கணினியில் யூடியூப் ஸ்டுடியோ வழியாக நேரலை செய்தால் தாமதத்துக்கு மூன்று நிலைகள் இருக்கும். அதில் 'குறைந்த தாமதம்' என்பதை வையுங்கள், பெரும்பாலானவர்களுக்கு 10 விநாடிக்குள் போய்ச் சேரும். 'மிகக் குறைந்த' என்பது இன்னும் வேகம்தான், ஆனால் நெட் சரியில்லாத வீடுகளில் படம் நின்று நின்று வரும். அதற்கு மேல் ஆகும் நேரத்தைக் கைவேலையில் கழியுங்கள். கேள்வியைக் கேட்டுவிட்டு, தொட்டியில் மண்ணைக் கிளறுங்கள், காய்ந்த இலையைக் கிள்ளுங்கள். நீங்கள் தவிப்போடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் எழுத வந்தவரும் பின்வாங்குவார்.

மண் கையோடு நீங்களே சாட்டையும் பார்க்க முடியாது. வீட்டிலோ பழைய மாணவர்களிலோ ஒருவரை மாடரேட்டராக வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியை உரக்கப் படிக்கவும், அசிங்கமாக எழுதுகிறவரைச் சத்தமில்லாமல் நீக்கவும் அவர் போதும். ஆள் குறைவாகத் தெரிகிறதே என்று சொந்தக்காரர்களை விட்டுப் பொய்யாகக் கேள்வி கேட்க வைக்காதீர்கள். பார்ப்பவர்களுக்கு அது தெரிந்துவிடும், உங்கள் மேல் இருக்கும் மரியாதைதான் போகும். உண்மையான கேள்விகள் உங்கள் வாட்ஸ்அப்பில் குவிந்து கிடக்கின்றனவே! கேட்டவரின் சம்மதத்தோடு அவற்றில் இரண்டை எடுத்து நிகழ்ச்சியைத் தொடங்குங்கள். பெயர் சொல்லலாம் என்றால் பெயரும் ஊரும், இல்லையென்றால் ஊர் மட்டும். இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்தில் தங்கள் பெயரையும் ஊரையும் கேட்பதற்காகவே அஞ்சலட்டை போட்டவர்கள் நம் தலைமுறையில் எத்தனை பேர்! அந்த ஆசை இன்னும் யாரையும் விட்டுப் போகவில்லை.

எண்ணிக்கையில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். இணையத்தில் 100 பேர் கூடினால் 90 பேர் வெறுமனே பார்ப்பார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று யாகோப் நீல்சன் என்ற இணைய வடிவமைப்பு வல்லுநர் 2006-இல் எழுதினார். தோராயக் கணக்குதான். அதன்படி உங்கள் 70 பேரில் 7 பேர் எழுதினால் மிக நல்ல கூட்டம். மற்றவர்களை "ஏன் சும்மா பார்க்கிறீர்கள்" என்று சீண்ட வேண்டாம். அவர்களும் செடி வளர்க்கிறவர்கள்தான்.

கடைசியாக நேரம். ஞாயிறு காலை 10 மணிக்குப் பாதி வீடுகளில் கறியோ மீனோ கழுவிக்கொண்டிருப்பார்கள். போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டு ஈரக் கையோடு உங்களைப் பார்க்கிறவர் எப்படித் தட்டுவார்? கேள்விகள் திங்கள் மதியம் வருவது, அப்போதுதான் கை ஓய்கிறது என்பதால்கூட இருக்கலாம். ஒரு மாதம் மாலை 5 மணிக்கு மாற்றிப் பாருங்கள். வெயிலும் தணிந்திருக்கும், பூச்சியைக் காட்ட வெளிச்சமும் மிச்சம் இருக்கும்.