ஜீவன் ஜோதி காப்பீடு: மே மாதம் பிடிக்காமல் விட்ட 436 ரூபாய்

கேள்வி: என் கணவர் நான்கு வருடங்களாகப் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் இருந்தார். இந்த மே மாதம் கணக்கில் பணம் போதாமல் பிரீமியம் பிடிக்கப்படவில்லை. ஜூன் 16-ல் மறுபடி சேர்ந்தார். ஜூலை 4-ல் மாரடைப்பில் இறந்துவிட்டார். 30 நாள் ஆகவில்லை என்று 2 லட்சத்தைத் தர மறுக்கிறார்கள். நான்கு வருடம் கட்டியதற்கு மதிப்பே இல்லையா?

பதில்: சகோதரி, உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள்.

இது ஆண்டுதோறும் புதுப்பிக்கும் டேர்ம் காப்பீடு. ஜூன் 1 முதல் மே 31 வரை ஓராண்டுக்கு மட்டும் பாதுகாப்பு. பழைய பிரீமியம் அந்தந்த ஆண்டோடு தீர்ந்துவிடும், சேமிப்பாகச் சேராது. விட்டுப்போய் மறுபடி சேர்ந்தால், விபத்து தவிர வேறு காரணத்தால் முதல் 30 நாளில் நேரும் மரணத்துக்குப் பணம் கிடையாது. உங்கள் கணவர் விஷயத்தில் 18 நாள்தான் ஆகியிருக்கிறது. ஆகவே காப்பீட்டு நிறுவனம் விதிப்படிதான் மறுத்திருக்கிறது.

ஆனால் பணம் ஏன் போதாமல் போனது? அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஏப்ரல், மே மாதங்களின் கணக்கு அறிக்கையை வங்கியில் முத்திரையோடு வாங்குங்கள். பிரீமியம் தானாகப் பிடிக்கும் நாட்களான மே 25 முதல் 31 வரையுள்ள வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அந்த நாட்களில் 436 ரூபாய்க்கு மேல் இருப்பு இருந்தும் பிடிக்கவில்லை என்றால், அது வங்கியின் சேவைக் குறைபாடு. தானாகப் பிடிக்க அவர் எழுதிக் கொடுத்த சம்மதம் அவர்களிடம்தான் இருக்கிறது. அடுத்து, குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் பிடித்து, அதனால் பணம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது ஜன் தன் கணக்காக இருந்தால் அப்படி அபராதம் பிடிக்கவே கூடாது. உங்கள் வழக்குக்கு இது வலுவான பிடி.

அவருக்கு வேறு வங்கியில் கணக்கு இருந்ததா? அங்கேயும் இந்தத் திட்டத்தில் சேர்ந்து, பிரீமியம் விடாமல் பிடிக்கப்பட்டு வந்திருந்தால், அந்தக் கணக்கின் வழியே 2 லட்சம் கேட்கலாம். பலர் இதைத் தேடிப் பார்ப்பதே இல்லை.

வங்கியின் தவறு தெரிந்தால் கிளைக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இல்லையென்றால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வங்கியையும் காப்பீட்டு நிறுவனத்தையும் சேர்த்தே வழக்குப் போடலாம். இவ்வளவு தொகைக்கு அங்கே புகார்க் கட்டணம் இல்லை.

அவரே பணத்தை எடுத்துச் செலவழித்ததால்தான் இருப்பு குறைந்தது என்று அறிக்கை காட்டினால், வழக்குக்காக அலைய வேண்டாம் என்பேன். எப்படியிருந்தாலும் மறுப்பை வாய்மொழியாக ஏற்காதீர்கள். காரணத்தோடு கடிதமாகக் கேட்டு வாங்குங்கள்.