அறை நிறைய றேடியோ

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் வன்னியில் விசுவமடுப் பக்கம். இவர் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறார். குடி இல்லை, சிகரெட் இல்லை, நல்ல மனிசன். ஆனால் பழைய றேடியோ என்றால் பைத்தியம். யார் வீட்டில் உடைந்த பெட்டி கிடக்கிறது என்று கேள்விப்பட்டாலும் போய்விடுவார், போன மாதம் மன்னார் வரைக்கும் போய் ஒரு பிலிப்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு, இரண்டே அறை, அதில் ஒன்று முழுக்க றேடியோ. மகளுக்கு இருந்து படிக்க இடமில்லை. பாடாத பெட்டிக்கு ஏன் காசு என்று கேட்டால் சிரிப்பார். சீட்டுக் காசு கட்டுகிற கிழமையிலும் இதற்கு மட்டும் எங்கிருந்தோ காசு வரும்.

தங்கச்சி குடும்பம் வந்தால் கூடத்தில் பாய் போட்டுத்தான் படுக்கிறார்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது. ராத்திரியில் மகனும் இவரும் அந்த அறைக்குள்ளேயேதான். ஆணி கழற்றிக்கொண்டே இடம்பெயர்ந்த கதை, பங்கர்க் கதை எல்லாம் சொல்லுவாராம், என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, நான் போனால் இரண்டு பேரும் கதையை நிற்பாட்டிவிடுவார்கள். அதை விடுங்கள். “உங்களிட்ட பழைய சாமான் ஒன்றும் இல்லையா அம்மா” என்று மகன் ஒருநாள் கேட்டான். எங்கள் வீட்டுப் படங்கள், அம்மாவின் சாமான் எல்லாம் கடைசி யுத்தத்தில் மாத்தளனோடு போய்விட்டது, நான் எதைக் காட்ட? சரி, அது கிடக்கட்டும், பிரச்சினை அறைதான். சாமான் சேர்ப்பது ஒரு நோய் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நோய் என்றால் மருந்து இருக்கிறதா? இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடட்டா? பிள்ளைக்குப் படிக்க இடமில்லை அக்கா.

*

அன்புத் தங்கைக்கு,

இரும்புக்காரரைக் கூப்பிடாதீர்கள். அவருக்குத் தெரியாமல் ஒரு பெட்டி போனாலும், உங்கள் மேல் உள்ள நம்பிக்கையும் அதோடு போய்விடும்.

நீங்கள் பார்த்த வீடியோ சொல்லும் நோய் இருக்கிறது. உதவாத பொருளைக்கூட எறிய மனம் வராமல், சமைக்கவும் படுக்கவும் இடமில்லாத அளவுக்கு வீடு நிறைந்து, அந்த ஆளும் வீட்டாரும் அவதிப்படுகிற நிலை அது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைநூல் 2013இல் அதைத் தனி நோயாகச் சேர்த்தது. உங்கள் கடிதத்தில் இருக்கிறவர் அப்படியானவராகத் தெரியவில்லை. அவர் ஒரே ஒரு வகைப் பொருளைத் தேடிப் போகிறார், கழற்றிப் பார்க்கிறார், மகனையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். சேகரிப்பவர்கள் இப்படித்தான் செய்வார்கள். தேடுவதிலேயே ஒரு சுகம், கிடைத்ததைத் தன் கையால் ஒழுங்குபடுத்துவதில் இன்னொரு சுகம். வெளியில் எதுவும் தன் கையில் இல்லை என்று நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு இந்த இரண்டாவது சுகம் சின்ன விஷயமே இல்லை.

ஒரு மனிதன் தன்னுடையது என்று சொல்லக்கூடிய எல்லாம் சேர்ந்ததுதான் அவனுடைய ‘நான்’ என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே எழுதினார், உடுப்பு, வீடு, மனைவி, பிள்ளைகள், முன்னோர் உட்பட. அதை வன்னியில் இருந்துகொண்டு வாசித்துப் பாருங்கள். தொண்ணூறுகளில் பற்றரி உள்ளே வரத் தடை, மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாட, அயலெல்லாம் கூடியிருந்து பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் கேட்ட ஊர் இது. அந்தச் சக்கரத்தைச் சுற்றிய பொடியன்களில் உங்கள் கணவரும் ஒருவராக இருந்திருக்கலாம். கேட்டுப் பார்த்தீர்களா?

இனி, ‘அதை விடுங்கள்’, ‘அது கிடக்கட்டும்’ என்று நீங்கள் தள்ளிவிட்ட இரண்டு இடங்களுக்கு வருகிறேன். என்னால் அவற்றை விட முடியாது. அறையைப் பற்றி அத்தனை வரி எழுதிய உங்களுக்கு, அம்மாவின் சாமான் போனதைச் சொல்ல அரை வரிதான் வந்தது. எனக்கு அந்த அரை வரிதான் கடிதமாகத் தெரிகிறது. அவருக்குக் கதை சொல்லப் பெட்டி இருக்கிறது, கேட்க மகன் இருக்கிறான், உங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒரே ஒருமுறை மகன் கேட்டபோது, கையில் பொருள் இல்லையென்று நீங்களே கதவைச் சாத்திவிட்டீர்கள். உங்கள் கோபம் றேடியோவின் மேல் என்று நான் நினைக்கவில்லை தங்கச்சி, வெளியே நிற்க வேண்டியிருக்கிறதே என்ற நோவு அது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நீங்கள் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் இடத்தையும் காசையும் பற்றிய குறையோடுதான் போகிறீர்கள் என்று தோன்றுகிறது. கதை நிற்காமல் என்ன செய்யும்? உங்களுக்குப் பழசு நோகும் என்று பயந்துகூட அவர் நிறுத்தியிருக்கலாம்.

மகனுக்குக் காட்டப் பொருள் தேவையில்லை. அம்மம்மாவின் சாமானில் என்ன இருந்தது, எந்தச் சேலை, எந்தச் செம்பு, எதை விட்டுவிட்டு எதைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அவர் இருக்கும்போதே சொல்லுங்கள். வேண்டுமானால் மகன் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். அதுவும் சேகரிப்புத்தான்.

மகளின் படிப்பு விஷயத்தில் நியாயம் முழுக்க உங்கள் பக்கம். சுவரில் தட்டு அடித்துப் பெட்டிகளை மேலே ஏற்றி, கீழே ஒரு மேசை போட அவரிடம் நேரே கேளுங்கள். சீட்டுக் காசு கட்டிய பிறகுதான் றேடியோவுக்குக் காசு என்பதையும் சேர்த்தே பேசுங்கள். பழைய கதை கிளறப்பட்டு உங்களுக்கோ அவருக்கோ நித்திரை கெட்டால், மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள்.